கப்பல் தொன்னும் நெற்புசலும்

ஆலையடிவேம்பு வயல்களில் நெல்லைப் புசலால் அளப்பவருக்குத் தொன் என்பது நிறையின் பெயர். கப்பல் வணிகத்திலோ அது இடத்தின் பெயருமாகும். திராட்சை மது அடைத்த பெருமிடாவை ஆங்கிலேயர் ‘தன்’ என்றனர், அச்சொல்லே தொன்னாயிற்று. மிடாக்களை எண்ணித்தான் அந்நாளில் கப்பலின் கொள்ளளவைச் சொன்னார்கள்!

மரபுவழிச் சரக்குத் தொன் 40 கன அடி கொண்டது. ஒரு கன சென்ரிமீற்றரும் ஒரு மில்லிலீற்றரும் ஒன்றே. கன அடி ஒன்றுக்கு 28,317 மில்லிலீற்றர். எனவே சரக்குத் தொன் ஏறக்குறைய 1,133 லீற்றராகும்.

ஒரு புசல் 36.37 லீற்றர். அவ்விடத்தில் 31 புசல் நெல் அடங்கும். புசலுக்கு 46 இறாத்தல் வீதம் அதன் நிறை 1,426 இறாத்தலே. நிறைத் தொன்னுக்கோ 2,240 இறாத்தல் வேண்டும். நிறை, இடம் ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கப்பற்கூலி என்பது வழக்கு. தராசை மட்டும் நம்பிக் கூலியைக் கணித்த நெல் வணிகர், முக்கால் தொன்னும் நிறையாத சரக்குக்கு முழுத்தொன் கூலி கொடுக்க நேரும்.

இன்று பெரும்பாலும் 1,000 லீற்றர் கொண்ட கன மீற்றரே கணக்கு. அதற்குள் 27 புசலே நிரம்பும்.