கிட்டாரும் 14 சென்ட் சமரசமும்

கிட்டாரைக் குறையே இல்லாமல் சுருதி சேர்க்க முடியாது. புதிதாகக் கற்பவர் இதைத் தம் காதின் கோளாறு என்று நினைப்பார். விலை கூடிய கருவி வாங்கினால் தீரும் என்றும் நம்புவார். கோளாறு காதிலும் இல்லை, கருவியிலும் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பது பல ஆண்டுகள் வாசித்த பிறகே பிடிபடும்.

கழுத்தில் பதித்த ஃப்ரெட் ஒவ்வொன்றும் ஒலியை அரைச்சுரம் ஏற்றும். பன்னிரண்டு ஏறினால் மேல் ஸ்தாயி. பன்னிரண்டு படிகளும் ஒரே விகிதத்தில் அமைய, மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்து அடுத்த ஃப்ரெட்டின் இடத்தைக் குறிப்பார்கள். 650 மி.மீ. கம்பியில் முதல் ஃப்ரெட் 36.5 மி.மீ.யிலும் பன்னிரண்டாவது சரிபாதியிலும் விழும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581இல் லூட் கருவிக்காகச் சொன்ன வகுத்தி 18. அதன்படி பன்னிரண்டாவது ஃப்ரெட் பாதிக்குச் சுமார் 2 மி.மீ. முன்னதாகவே நின்றுவிடும். ஆனால் விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டு ஒலி சற்று ஏறுவதால், அந்தத் தவறு ஓரளவு தானாகவே ஈடாகும்.

இந்தச் சமபங்கீட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், இயற்கையான பஞ்சமம் சட்ஜத்திலிருந்து 702 சென்ட். கிட்டார் தருவது 700. இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. இயற்கையான அந்தர காந்தாரம் 386 சென்ட். கிட்டார் தருவது 400. இந்த 14 சென்ட் தெரியும். தம்புராவோடு பழகிய காதுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தொல்லை தருவது பெரும்பாலும் மூன்றாம் கம்பி, அதாவது ஜி. ஈ மேஜர் கார்டில் இதன் முதல் ஃப்ரெட்தான் காந்தாரம். அது கூர்மையாகக் குத்துகிறது என்று வாசிப்பவர் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துவார். ஈ மேஜர் தேனாக ஒலிக்கும். அடுத்து ஜி மேஜர் பிடித்தால் அதே கம்பி திறந்த நிலையில் சட்ஜமாகிறது; இப்போது அது தாழ்ந்து கிடக்கும். அதைச் சரிசெய்தால் ஈ மறுபடி கெடும். இந்த இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

காதால் சேர்க்கும் பிரபலமான முறையும் இதே வலையில் விழுகிறது. ஆறாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலேயும் ஐந்தாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலேயும் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் இரண்டு மணியோசைகள் எழும். அவை சேராதபோது "வவ் வவ்" என்று விம்மும். சேரச் சேர விம்மல் மெதுவாகி நின்றுவிடும். நின்றதும் கிடைப்பது 498 சென்ட் உள்ள தூய மத்தியமம். கிட்டாருக்கு வேண்டியதோ 500. இப்படியே சேர்த்துக்கொண்டு வந்தால் மூன்றாம் கம்பிக்குள் 6 சென்ட் குறைந்திருக்கும்.

வீணையின் மெட்டுகள் மெழுகில் நிற்பவை. காதுக்கு ஒவ்வாவிட்டால் நகர்த்தி அமைக்கலாம். கிட்டாரின் ஃப்ரெட் மரத்தில் அறைந்தது. கம்பியை இழுத்து ஒலியை ஏற்றலாம், ஃப்ரெட்டின் சுரத்துக்குக் கீழே இறக்க முடியாது.

இந்தச் சமரசத்தைச் சாக்காக்கி, கவனக்குறைவையும் அதன் கணக்கில் எழுதிவிடுவதுதான் தவறு. வேர்வையில் துருவேறி, ஃப்ரெட் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்த கம்பி சீராக அதிராது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அதன் மேல் ஸ்தாயி ஒத்து வராது. அதை மாற்றாமல் கருவியைத் திட்டுவது, கொத்தாத அம்மியில் அரைத்துவிட்டு மிளகாயைக் குறை சொல்வது போல. இறுக்கிப் பிடிக்கும் விரலும் சுரத்தைக் கெடுக்கும்; ஃப்ரெட்டை ஒட்டி, ஒலி தெளியும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும்.

ட்யூனரின் முள்ளைப் பார்த்துத் திறந்த கம்பிகளைச் சேர்ப்பது தொடக்கம் மட்டுமே. ஆறாம், நான்காம், முதல் கம்பிகளில் ஒரே சுரத்தை வெவ்வேறு ஸ்தாயிகளில் மீட்டிக் காதால் ஒத்துப்பார்க்க வேண்டும். ஏறிய கம்பியை வேண்டிய சுரத்துக்கும் கீழே இறக்கி, அங்கிருந்து மெல்ல ஏற்றி நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியின் பல்லில் மிஞ்சும் தளர்வு இரண்டு பாட்டுக்குள் கம்பியை நழுவவிடும்.