சுவரை விட்டுப் போன ஓவியங்கள்: ஸ்பெயினின் போயி பள்ளத்தாக்கில் பார்க்க என்ன இருக்கிறது?

தேவாலயத்துக்குள் விளக்குகள் அணைகின்றன. எதிரே இருக்கும் அரைவட்டச் சுவரில் பெரிதாக எதுவும் இல்லை. அங்கங்கே நிறம் மங்கிய சில திட்டுகள், மற்றபடி வெறும் பூச்சு. திடீரென்று அந்தச் சுவரில் ஒரு கோடு ஓட ஆரம்பிக்கிறது. கோடு முகமாகிறது, முகத்தில் பெரிய கண்கள் திறக்கின்றன, நீலமும் சிவப்பும் பரவுகின்றன. கொஞ்ச நேரத்தில் 12ஆம் நூற்றாண்டின் கிறிஸ்து ஓவியம் முழுசாக மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். விளக்கு எரிந்ததும் மறுபடி வெறும் சுவர்.

அங்கே தெரிவது புரொஜெக்டர் வெளிச்சம்தான். உண்மையான ஓவியம் அந்தச் சுவரில் இல்லை. சாலை வழியாகச் சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி, பார்சிலோனா நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அது ஏன் அங்கே போனது என்று தெரிந்துகொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்குப் போனால், பார்க்கிற ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

எங்கே இருக்கிறது இந்த இடம்?

ஸ்பெயினின் வடகிழக்கில், கட்டலோனியா மாநிலத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி நீளும் பிரனீஸ் மலைத்தொடருக்குள் இருக்கிறது போயி பள்ளத்தாக்கு. நடுவே நொகேரா தே தோர் என்ற ஆறு. அதன் இரு பக்கமும் சரிவுகளில் கருங்கல் வீடுகள், ஸ்லேட் கல் கூரைகள் கொண்ட சின்னச் சின்ன ஊர்கள். மொத்தமாகச் சேர்த்தால் சுமார் ஆயிரம் பேர் வாழ்கிறார்கள்; நம்மூர் அபார்ட்மென்ட் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் கூட்டம்தான்.

அந்த ஆயிரம் பேருக்கு ஒன்பது புராதன தேவாலயங்கள். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த ஒன்பதையும் ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லாமே ரோமனெஸ்க் பாணி. அதாவது, கூர் வளைவுகளும் வானளாவிய ஜன்னல்களும் கொண்ட கோத்திக் பாணி வருவதற்கு முந்தைய காலத்துக் கட்டுமானம். தடித்த கல் சுவர், சிறிய ஜன்னல், அரைவட்ட வளைவு, பக்கத்தில் சதுரமான உயர்ந்த மணிக்கோபுரம். இத்தாலியின் லொம்பார்தி பகுதியில் இருந்து பரவிய பாணி என்பதால், கோபுரத்தின் மேல் ஓரங்களில் ஓடும் குட்டி வளைவு வரிசைக்கு லொம்பார்து பட்டை என்றே பெயர்.

இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை தேவாலயங்கள் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தப் பகுதியை ஆண்ட எரில் பிரபுக்கள், தெற்கே முஸ்லிம் அரசுகளுக்கு எதிராக அரகோன் மன்னர்கள் நடத்திய போர்களில் கலந்துகொண்டவர்கள். அப்படி வந்த செல்வம்தான் கோபுரமாகவும் ஓவியமாகவும் மாறியது. பிறகு காலம் மாறியது, பள்ளத்தாக்கு ஏழ்மையானது. வசதி உள்ள ஊர்கள் தங்கள் பழைய தேவாலயங்களை இடித்துப் புதுப் பாணியில் கட்டிக்கொண்டபோது, இங்கே அதற்குக் காசு இல்லை. இருந்ததை வைத்தே ஓட்டினார்கள். இன்று உலகம் தேடி வரும் பாரம்பரியம் மிஞ்சியதற்கு அந்த வறுமையும் ஒரு முக்கியக் காரணம்.

1123 டிசம்பர் 10

ஒன்பதில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் என்றால், தாவுல் ஊரின் சாந்த் கிளிமென்ட் தேவாலயத்துக்குத்தான் போக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன வெளிச்ச ஓவியம் இங்கேதான். இதன் வயது துல்லியமாகத் தெரியும். 1123 டிசம்பர் 10 அன்று ரோதா ஆயர் ராமோன் இதை அர்ச்சித்தார் என்ற தகவலைத் தூண் ஒன்றிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மறுநாள், டிசம்பர் 11 அன்று, அதே ஊரில் சாந்தா மரியா தேவாலயத்தையும் அர்ச்சித்துவிட்டார்கள். ஒரே ஊரில் அடுத்தடுத்த நாளில் இரண்டு!

சாந்த் கிளிமென்டின் அரைவட்ட மாடத்தில் ஓவியம் தீட்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. 'தாவுல் ஓவியர்' என்று மட்டும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். நடுவில் பாதாம் வடிவ ஒளிவட்டத்துக்குள் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். கையில் விரித்த புத்தகம், இரு பக்கமும் ஆல்பா, ஒமேகா எழுத்துகள். பக்கத்து வளைவில் ஏழு கண்கள் கொண்ட ஆட்டுக்குட்டி. இன்னொரு இடத்தில் ஏழை லாசரின் புண்களை ஒரு நாய் நக்குகிறது. அந்த நீல நிறம் ஏரினைட் என்ற கனிமத்தில் இருந்து வந்தது. அது பிரனீஸ் மலையிலேயே கிடைப்பது. ஆக, மலையின் நிறத்தையே எடுத்து மலை ஊரின் சுவரில் பூசியிருக்கிறார்கள்.

அந்தச் சுவரில் இருந்து ஓவியத்தை ஏன் எடுத்தார்கள்?

1907ஆம் ஆண்டு கட்டிடக் கலைஞர் யோசெப் புய்க் இ காதஃபால்க் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு பார்சிலோனாவில் இருந்து இந்த மலைப் பகுதிக்கு வந்தது. கூடவே அடோல்ஃப் மாஸ் என்ற புகைப்படக்காரரும் வந்தார். சாலை வசதி சரியாக இல்லாத காலம். எட்டு நூற்றாண்டுகளாக ஊர்க்காரர்கள் மட்டும் பார்த்துவந்த ஓவியங்கள் அதன்பிறகு படங்களாக வெளியுலகுக்குப் போயின. அறிஞர்கள் வியந்தார்கள். கலைப்பொருள் வியாபாரிகளும் கவனித்தார்கள்.

அடுத்து நடந்தது போயி பள்ளத்தாக்கில் அல்ல, கட்டலோனியாவின் இன்னொரு மலை ஊரான மூரில். அங்கிருந்த சாந்தா மரியா தேவாலயத்தின் மாட ஓவியம் 1919ல் விற்கப்பட்டு, சுவரில் இருந்து உரிக்கப்பட்டது. அன்றைய சட்டத்தில் அதைத் தடுக்க வழியில்லை. லூயிஸ் பிளாந்தியூரா என்ற சேகரிப்பாளர் கைக்குப் போய், 1921ல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பார்சிலோனாவின் அருங்காட்சியக வாரியம் பதறியது. அடுத்து தாவுல் போய்விடும் என்ற பயம். சட்டம் தடுக்காதென்றால், வியாபாரிக்கு முன்னால் நாமே வாங்கிவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். திருச்சபை அதிகாரிகளின் ஒப்புதலோடு தாவுல், போயி உள்ளிட்ட ஊர்களின் ஓவியங்களை வாங்கி, 1919 முதல் 1923 வரை ஒவ்வொன்றாக உரித்து நகரத்துக்கு எடுத்துப் போனார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூர் ஓவியத்தைச் சேகரிப்பாளருக்காக உரித்துக் கொடுத்தவர் ஃபிராங்கோ ஸ்டெஃபனோனி என்ற இத்தாலிய நிபுணர். அருங்காட்சியகம் வேலைக்கு அழைத்ததும் அதே ஆளைத்தான்! அந்த வித்தை தெரிந்தவர்கள் அவ்வளவு குறைவு.

சுவரோவியத்தை உரிக்க முடியுமா?

முடியும். ஸ்ட்ராப்போ என்று அந்த முறைக்குப் பெயர். இத்தாலிய மொழியில் பிய்த்தெடுப்பது என்று பொருள். நம்மூர் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வார்களே, விலங்குத் தோல், எலும்பில் இருந்து காய்ச்சும் பசை, அதேபோன்ற ஒன்றைத்தான் இங்கேயும் பயன்படுத்தினார்கள். ஓவியத்தின் மேல் சூடான பசையைத் தடவித் துணியை ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கும். சுருங்கும்போது சுவரின் மேல் படிந்திருக்கும் வண்ணப் படலத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பிறகு ஓரத்தில் இருந்து மெதுவாக இழுத்தால், துணியோடு ஓவியமும் தோல் மாதிரி உரிந்து வரும்.

அதைப் பாய் போலச் சுருட்டிக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி மலையிறக்கினார்கள். பட்டறையில் ஓவியத்தின் பின்பக்கம் புதுத் துணி ஒட்டப்பட்டது. பிறகு முன்பக்கத் துணியை வெந்நீரால் பசை கரைத்துப் பிரித்தார்கள். கேட்கவே கொஞ்சம் பதறுகிறது இல்லையா? ஆனால் பெரும்பகுதி பிழைத்தது. உரிந்து வராமல் சுவரிலேயே தங்கிப்போன துணுக்குகளும் இருந்தன. அவற்றுக்கு அன்று யாரும் பெரிதாக மதிப்புக் கொடுக்கவில்லை.

ஊருக்கு என்ன மிஞ்சியது?

சாந்த் கிளிமென்டில் பல பத்தாண்டுகள் ஒரு நகல் ஓவியம் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். பின்னர் நடந்த சீரமைப்பில், 1920களில் விட்டுப்போன அசல் துணுக்குகள் வெளிப்பட்டன. காயின் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சியும் அதில் ஒன்று. அதனால் நகலை எடுத்துவிட்டு, 2013ல் இந்த வெளிச்ச ஓவியத்தைக் கொண்டுவந்தார்கள். தொழில்நுட்ப வித்தை என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. வண்ணம் பூசிய நகலைவிட இது நேர்மையானது. ஓவியம் எப்படி இருந்தது என்பதையும் காட்டுகிறது, அது இப்போது இங்கே இல்லை என்பதையும் மறைக்காமல் காட்டுகிறது.

எரில் லா வால் ஊரின் கதை இன்னும் வினோதம். சிலுவையில் இருந்து இயேசுவை இறக்கும் காட்சியை ஏழு மரச் சிற்பங்களாகச் செதுக்கியிருந்தார்கள். 1907 குழுவின் கண்ணில் பட்டது அது. இன்று அதில் ஐந்து சிற்பங்கள் விக் நகர அருங்காட்சியகத்தில். மரியாளும் யோவானும் மட்டும் பார்சிலோனாவில். ஒரே துக்கக் காட்சியில் நிற்க வேண்டியவர்கள் இரண்டு ஊர்களில் பிரிந்து நிற்கிறார்கள். எரில் தேவாலயத்தில் ஏழு பேரும் சேர்ந்திருப்பது நகலில் மட்டும்தான்.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாமே? இந்தக் கேள்வி ஸ்பெயினில் இப்போது சூடாகத்தான் இருக்கிறது. அரகோன் மாநிலத்தில் உள்ள சிஹேனா மடாலயம் 1936ல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் எரிக்கப்பட்டது. எஞ்சிய ஓவியங்கள் பார்சிலோனாவுக்குப் போயின. அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று 2025 மே மாதம் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீயில் வெந்த ஓவியம் பயணத்தைத் தாங்காது என்பது அருங்காட்சியகத்தின் வாதம்.

போயி பள்ளத்தாக்கின் ஓவியங்கள் அந்த வழக்கில் இல்லை. இவை ஒப்புதலோடு விலை கொடுத்து வாங்கப்பட்டவை. 1919ல் எடுக்காமல் விட்டிருந்தால் இவையும் கடல் கடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் வந்த ஆபத்து தூசியோ மழையோ அல்ல, விற்பனை. விற்பனைக்குத் தடை போடும் சட்டம் அன்றே இருந்திருந்தால், சுவரை உரிக்கும் தேவையே வந்திருக்காது.

தேவாலயம் தவிர என்ன?

மலை! பள்ளத்தாக்கின் கிழக்கே விரிகிறது ஐகுவெஸ்தோர்தெஸ் தேசியப் பூங்கா. 1955ல் அறிவிக்கப்பட்டது, கட்டலோனியாவில் இருக்கும் ஒரே தேசியப் பூங்கா இதுதான். கட்டலான் மொழியில் பெயருக்கு 'வளைந்து நெளியும் நீர்' என்று பொருள். பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன சுமார் 200 ஏரிகள், கறுப்பு பைன் காடுகள், புல்வெளியில் நாலைந்து கிளையாகப் பிரிந்து ஓடும் ஓடைகள். தலைக்கு மேல் தாடிக் கழுகு வட்டமிட்டால் அதிர்ஷ்டம். எலும்பை உயரத்தில் இருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் பறவை அது.

சொந்தக் காரில் உள்ளே போக முடியாது. கோடையில் போயி ஊர்ச் சதுக்கத்தில் இருந்து ஜீப் டாக்ஸிகள் கிளம்பும். சாந்த் எஸ்பெரித் அருவியைத் தாண்டி உள்ளே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து லோங் ஏரி வரை நடப்பது அதிகம் சிரமமில்லாத வழி. பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கும் கவாயெர்ஸ் அணைப் பக்கம் போனால், இந்த மலை நீர் மின்சாரத்துக்கும் எவ்வளவு வேலை செய்கிறது என்பது தெரியும்.

எப்படிப் போவது?

பார்சிலோனாவில் இருந்து காரில் சுமார் நான்கு மணி நேரம். பொதுப் போக்குவரத்து என்றால் லெய்டா நகரம் வரை அதிவேக ரயில், பிறகு போந்த் தே சுவெர்த் ஊர் வழியாகப் பேருந்து. பேருந்துகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துத் திட்டமிடுங்கள். எரில், போயி, தாவுல் மூன்றையும் நடந்தே இணைக்கலாம். எரில் கோபுரத்தின் அடியில் நின்றால் எதிர்ச்சரிவில் அடுத்த கோபுரங்கள் தெரியும். சேதி சொல்லவும் காவல் காக்கவும் இந்தக் கோபுரங்கள் பயன்பட்டதாகச் சொல்வது சும்மா இல்லை என்பது அப்போது புரியும்.

முடிந்தால் ஜூன் நடுவில் போங்கள். கோடைத் தொடக்கத்தை ஒட்டி இங்கே தீப்பந்தத் திருவிழா நடக்கும். துர்ரோ ஊரில் மேலே தனியாக நிற்கும் சாந்த் கிர்க் சிற்றாலயத்தில் இருந்து இளைஞர்கள் எரியும் மரப் பந்தங்களைத் தோளில் சுமந்தபடி இருட்டில் வரிசையாக இறங்கி வருவார்கள். யுனெஸ்கோ 2015ல் பிரனீஸ் மலையின் இந்தத் தீ விழாக்களையும் பட்டியலில் சேர்த்தது. அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போக முடியாத பாரம்பரியம் இது.

திரும்பும் வழியில் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் குன்றில் இருக்கும் கட்டலோனியா தேசியக் கலை அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். முதலில் பள்ளத்தாக்கு, பிறகு அருங்காட்சியகம் என்ற வரிசைதான் நல்லது. வெறும் சுவரைப் பார்த்த கண்ணுக்குத்தான் அசலின் அளவு உறைக்கும். தாவுல் கிறிஸ்து அங்கே தேவாலய மாடத்தின் அதே வளைவில் நிற்கிறார். முன்னால் நின்று பார்த்து முடித்ததும் பின்பக்கமும் ஒரு சுற்று போய் வாருங்கள். அங்கே கல் இருக்காது. படகு கட்டும்போது எழுப்பும் கூடு போல மரச் சட்டங்களும் பலகைகளும் அந்த ஓவியத்தைத் தாங்கி நிற்கின்றன.