மணியும் வில்லையும்

ரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் புகையிரதப் பாதை ஏறத்தாழ 45 அடிக்கு 1 அடி உயரும் ஒற்றைப் பாதை ஆதலால், மேலேறும் வண்டிக்கும் கீழிறங்கும் வண்டிக்கும் இருப்பது ஒரே தண்டவாளம்தான். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்த காலந்தொட்டு, அடுத்த நிலையத்தோடு பிழையின்றிச் செய்தி பரிமாறுவது இங்குள்ள நிலைய ஊழியரின் அன்றாடக் கடமையாக இருந்துவருகிறது.

மலையகப் பாதையில் தலைமுறைகளாக வழங்கிவருவது டெப்லட் முறை. டெப்லட் என்பது இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கென்றே அமைந்த வட்டமான வில்லை. மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரு நிலையக் கருவிகளுள் ஒன்றிலிருந்து ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது திரும்ப இடப்படும்வரை இரண்டிலிருந்தும் மற்றொன்று வெளிவராது. நிலைய அதிபர் மணிக்குறிப்பு அனுப்ப, எதிர்முனையில் இருப்பவர் அதையே திருப்பி அடித்தால்தான் செய்தி ஏற்கப்பட்டதாகும். தாமதத்தின் காரணத்தைத் தொலைபேசியில் பேசிக்கொள்வர். நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவர். இறுதியில் வில்லை, பெரிய வளையம் கோத்த பையில் சாரதியின் கைக்குப் போகும். மணி கேட்டது, பேசியாயிற்று, எழுதியாயிற்று என்றாலும், வில்லை கைக்கு வராமல் வண்டி நகராது.

இம்முறை பிறந்ததற்குக் காரணம் அவசரச் செய்தி ஒன்றே. 1874 செப்டெம்பர் 10ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அருகே, பொறுப்பாளர் கையொப்பமிடாத தந்தியொன்று அனுப்பப்பட்டுவிட, ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். அந்த விபத்துக்குப் பின்னரே எட்வர்ட் டயர் என்பவர் டெப்லட் கருவியை உருவாக்கினார். தந்தி பழுதின்றி வேலை செய்தது. செய்தியை அனுமதியாக எடுத்துக்கொண்டதே உயிர்களைப் பறித்தது.

இன்றைய அலுவலகங்களில் வட்ஸ்அப் குழுக்கள் அந்தத் தந்தியின் இடத்தில் இருக்கின்றன. நீலக் குறி, செய்தி திறக்கப்பட்டதை மட்டுமே காட்டும். படித்தவர் புரிந்துகொண்டாரா, உடன்பட்டாரா என்பதை அது சொல்லாது. அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தவும் இயலும். பதிவேட்டில் மையால் எழுதிய நேரத்தை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது. கண்டிப் பகுதியில் இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது: எழுத்துமூலச் சுற்றறிக்கையைத் தமிழிலும் கேட்கக்கூடிய தமிழ் ஊழியர், குழுவில் அவசரமாகச் சிங்களத்தில் வரும் கட்டளையைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டறியும் நிலையை எவரும் அற்பமாகக் கருதலாகாது.

மழையால் வரத் தாமதமாகும் என்பதற்கும், மரம் விழுந்து பாதை அடைபட்டது என்பதற்கும் உடனடிச் செய்தியே ஏற்றது. பழுதுபார்க்கப்படும் இயந்திரத்துக்கு மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கும் வேளையிலோ அது ஒருபோதும் போதாது. ஆகவேதான் முறையாக நடக்கும் தொழிற்சாலைகளில், இயந்திரத்தில் கைவைப்பவரே மின் ஆளியைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். வேலை முடிந்ததென்று குழுவில் எத்தனை பேர் எழுதினாலும், அவர் வெளியே வந்து திறக்கும்வரை அந்தப் பூட்டு அங்கேயே தொங்கும்.