இரண்டு இணையம் இருந்தும் கடை ஏன் முடங்குகிறது?

சாப்பாட்டுக் கடை, கிளினிக், டியூஷன் மையம், லோரி நிறுவன அலுவலகம் என நம்மவர் நடத்தும் பல தொழில்கள் இன்று இணையத்தை நம்பியே ஓடுகின்றன. அதனால் சிலர் முன்யோசனையோடு இரண்டு நிறுவனங்களிடம் இணையச் சேவை எடுத்து, மாதம் இரண்டு கட்டணம் கட்டுகிறார்கள். ஆனாலும் சாலையில் மண்வாரி இயந்திரம் ஒரு கேபிளை அறுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே நின்றுபோவதுண்டு.

காரணம் எளிது. ஃபைபர் கேபிள் பதிப்பதற்குச் செலவு அதிகம். பல தாமான்களில் டெலிகோம் மலேசியாவின் கேபிள் மட்டுமே உள்ளது. மேக்சிஸ், செல்காம்டிஜி போன்ற நிறுவனங்கள் பல இடங்களில் அதையே வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் சேவை வழங்குகின்றன. யூனிஃபை ஒன்று, மேக்சிஸ் ஒன்று என எடுத்தாலும், கடைக்கு வெளியே இரண்டும் ஒரே கேபிளில் போகக்கூடும். டைம் நிறுவனத்துக்குச் சொந்த ஃபைபர் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடங்களில்தான் கிடைக்கும். எனவே விற்பனையாளரிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன், “இது யாருடைய கேபிள் வழியாக வருகிறது?” என்று கேளுங்கள்.

சிம் அட்டையிலும் இதே சிக்கல்தான். செல்காமும் டிஜியும் 2022-ஆம் ஆண்டு இறுதியில் ஒன்றாகிவிட்டன. ஆகவே இரண்டிலும் ஒவ்வொரு சிம் வைத்திருப்பது இரண்டு பாதை ஆகாது. 5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கியபோது, டிஎன்பி என்ற ஒரே வலையமைப்பைத்தான் எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருந்தது. இரண்டாவது வலையமைப்பை அமைக்க யூ மொபைல் தேர்வானது 2024 நவம்பரில்தான்.

பட்டணத்துக் கடைக்கு என் பரிந்துரை: ஒரு ஃபைபர், அதனுடன் ஒரு 4ஜி சிம். ஒன்று கேபிள், மற்றொன்று காற்று வழி. இரண்டையும் இணைக்க, இரு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர் வேண்டும். ‘டூயல் வேன்’ என்று கேட்டால் கணினிக் கடையில் புரியும். ஃபைபர் செயலிழந்தால் அது தானாகவே சிம்முக்கு மாறும். சரியானதும் திரும்பி வரும். மாறும் நொடியில் பாதியில் இருக்கும் கட்டணப் பரிமாற்றம் அறுந்துபோகலாம். மீண்டும் பணம் கேட்பதற்கு முன் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஃபைபர் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அதற்கு அப்பால் பாதை அடைபட்டிருக்கும். விளக்கை மட்டும் நம்பும் ரவுட்டர் மாறாது. வெளியே உள்ள 8.8.8.8, 1.1.1.1 போன்ற முகவரிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும்படி அதை அமைக்க வேண்டும். இரண்டுமே தொடர்ந்து மூன்று முறை பதில் தராவிட்டால் மாறட்டும். ஒரே தவறலுக்கு மாறினால் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும்.

இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வசதியும் அதே ரவுட்டரில் இருக்கும். சிறிய கடைக்கு அது தேவையில்லை என்பேன். நடுவில் முகவரி மாறுவதால் சில வங்கித் தளங்கள் வெளியேற்றிவிடும். சிம்முக்கு மாறியதும் வாடிக்கையாளர் வைஃபை நின்றுபோகும்படி அமைப்பது நல்லது. இல்லையென்றால் தே தாரிக் குடித்துக்கொண்டே யாரோ பார்க்கும் படம் உங்கள் டேட்டாவைத் தின்றுவிடும்.

மின்சாரத்தை மறந்துவிட வேண்டாம். இடி மழையில் மின்சாரம் போனால் எத்தனை பாதை இருந்தும் ரவுட்டர் அணைந்துவிடும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் செருகினால் போதும்.

மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத நேரத்தில் ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். அட்டை இயந்திரம், ஆர்டர் திரை எல்லாம் வேலை செய்கிறதா எனத் தெரிந்துவிடும். ப்ரீபெய்ட் சிம் என்றால் காலாவதித் தேதியையும் பாருங்கள். பயன்படுத்தாமலே கிடந்து செத்துப்போன சிம், தேவைப்படும் நாளில்தான் கண்ணில் படும்.

தோட்டப்புறத்தில் ஃபைபரே எட்டாத இடங்கள் இன்னும் உள்ளன. அங்கே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் 4ஜி, கூரைமேல் ஒரு அண்டெனா என்று தொடங்கலாம். இரண்டும் ஒரே கோபுரத்திலிருந்து வருகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் சேவையும் இந்நாட்டில் கிடைக்கிறது. அதற்கு உள்ளூர் கேபிளும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். தட்டு வைக்கும் இடத்தில் வானம் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செம்பனை மட்டை மறைத்தால் இணைப்பு விட்டு விட்டு வரும்.