துருப்பில்லாத ஆட்டம்

சீட்டாட்டம் என்றவுடனே நம் இல்லங்களில் பெரியோர்களின் புருவம் நெரிவது வழக்கம். அதில் நியாயமும் உண்டு. தருமபுத்திரரையே தலைகுனிய வைத்தது சூதல்லவா? ஆயினும் சூது வேறு, சீட்டு வேறு. 1967-ம் வருஷத்தில் ரம்மி ஆட்டத்தைப் பற்றிய வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புக் கூறுகையில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றும், அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது நேரும் அதிர்ஷ்டத்தைப் போன்றதே என்றும் சொன்னார்கள். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அறுபது வயதான பிரணாப் பர்தனும் ஐம்பத்தாறு வயதான ஷிப்நாத் சர்க்காரும் ஆடவர் இரட்டையரில் பாரதத்துக்குத் தங்கப் பதக்கம் கொணர்ந்தனர்.

அப்படி என்ன வித்தை அதில் இருக்கிறது? இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்குத் துருப்பும் தெரியும், கேள்வியும் தெரியும். பிரிட்ஜிலும் எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள்; ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எந்த இனம் துருப்பு, ஆறு பிடிக்கு மேல் எத்தனை பிடிப்போம் என்று முதலில் கேள்வி கேட்க வேண்டும். துருப்பே வேண்டாம் என்று கேட்பதுதான் 'நோ-டிரம்ப்'. துருப்பு இருந்தால் அதன் இரண்டுகூட வேற்றினத்து ராஜாவை வெட்டிவிடும். நோ-டிரம்பில் அந்தக் குறுக்கு வழி கிடையாது.

இதில் ஓர் இலாபமும் உண்டு. முழு ஆட்டத்துக்கு நூறு புள்ளி வேண்டும். நோ-டிரம்பில் முதற் பிடிக்கு 40, பின்னர் ஒவ்வொன்றுக்கும் 30. ஆகவே மூன்று நோ-டிரம்ப், அதாவது ஒன்பது பிடி போதும். இஸ்பேட், ஆட்டீனில் பத்துப் பிடியும், டைமன், கிளாவரில் பதினொன்றும் தேவை.

கையின் பலத்தை அளப்பது எளிது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதிலும் 40. இன்று பலரும் கைக்கொள்ளும் முறையில், முதலில் 'ஒரு நோ-டிரம்ப்' என்பவர் இரண்டு செய்திகளைத் தெரிவிக்கிறார். என்னிடம் 15 முதல் 17 வரை எண் இருக்கிறது என்பது ஒன்று. எந்த இனத்திலும் இரண்டுக்குக் குறைவாகச் சீட்டில்லை, இரண்டே சீட்டுள்ள இனமும் ஒன்றுக்கு மேற்பட்டு இல்லை என்பது மற்றொன்று. உதாரணமாக, இஸ்பேடில் ஏஸ், ஜாக்கி, நாலு. ஆட்டீனில் ராஜா, ஜாக்கி, ஐந்து. டைமனில் ராஜா, எட்டு, ஆறு, இரண்டு. கிளாவரில் ஏஸ், ஒன்பது, நாலு. எண் 16. குறையற்ற நோ-டிரம்ப் கை!

இதற்குப் பின் அதிகாரம் கூட்டாளியிடம் போகிறது. இருவருக்கும் சேர்ந்து 25 இருந்தால் ஒன்பது பிடியை எதிர்பார்க்கலாம். அவர் கையும் இதேபோல் சமமாயிருந்து ஏழோ குறைவோ இருந்தால் பேசாமல் விடுவார். எட்டு, ஒன்பது என்றால் 'இரண்டு நோ-டிரம்ப்' என்று அபிப்பிராயம் கேட்பார். முதல்வரிடம் 15 என்றால் நிற்பார், 17 என்றால் மூன்றுக்குப் போவார், 16 என்றால் யோசிப்பார். பத்து முதல் பதினைந்து வரை இருந்தால் நேரே மூன்று. இஸ்பேடிலோ ஆட்டீனிலோ நான்கு சீட்டு உண்டா என்றறிய 'இரண்டு கிளாவர்' என்று வினவும் முறையும் உண்டு. 1945-ல் சாமுவேல் ஸ்டேமன் என்ற அமெரிக்கர் எழுதிப் பரப்பியதால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்வளவும் ஒரே அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது: முதல்வர் சொன்னது உண்மையாயிருக்க வேண்டும். பன்னிரண்டை வைத்துக்கொண்டு பதினாறு போல் முழங்கினால், நம்பிய கூட்டாளி மூன்றுக்கு ஏறி, ஆட்டம் கவிழும். இருபதை வைத்துக்கொண்டு அடக்கமாக 'ஒன்று' என்றாலும் கேடே. ஆறு எண் உள்ள கூட்டாளி பேசாமல் விட, கைக்கெட்டிய வெற்றி நழுவும். இருபதுக்கு உரிய கேள்வி 'இரண்டு நோ-டிரம்ப்'. தற்பெருமையைப் பொய்யென்று அறிந்த நாம், தகாத அடக்கமும் பொய்யே என்று இங்கே கற்கிறோம்.

சொல்லும் வழியிலும் நேர்மை வேண்டும். எங்கள் அலங்காநல்லூர் வாடிவாசலில் காளையின் திமிலைத்தான் தழுவலாம். வாலையோ கொம்பையோ பிடித்தால் அது வீரமாகாது. பிரிட்ஜிலும் கேள்வி ஒன்றே அனுமதிக்கப்பட்ட பிடி. கண் சிமிட்டலும், குரலின் ஏற்ற இறக்கமும், பெருமூச்சும் விலக்கு. ஆகையால்தான் பெரிய போட்டிகளில் வாய் திறவாமல், கேள்வி அச்சிட்ட அட்டைகளை மேஜைமேல் வைத்தே கேட்கிறார்கள்.

விடுமுறை நாளில் வீட்டில் நால்வர் கூடினால், ஒரு பைசாவும் பணயம் வையாமல் இதை ஆடிப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்ததும் நான்கு கையையும் விரித்து வைத்து, பிடிகளை எண்ணுமுன், கேள்வியில் சொன்ன எண் கையில் இருந்ததா என்று பாருங்கள். அது சரியாயிருந்தால், தோற்ற ஆட்டத்துக்கும் வருந்த வேண்டியதில்லை.