தாயைக் காக்கும் ஆக்ஸிடோசின்



குழந்தை பிறந்து அழுதவுடன் நாம் நிம்மதியடைகிறோம். ஆனால் தாய்க்கு ஆபத்தான வேளை அதற்குப் பின்புதான். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்திருக்கும் இரத்தக் குழாய்களைக் கர்ப்பப்பை இறுகி அடைக்க வேண்டும். இறுகாவிட்டால் சிறிது நேரத்திலேயே உயிர் போய்விடலாம்.

கர்ப்பப்பையை இறுகச் செய்வது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன். இது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உண்டாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் தங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது நரம்புகள் மூளைக்குச் செய்தி சொல்ல, இது மேலும் சுரக்கிறது. பால் இறங்குகிறது, கர்ப்பப்பையும் சுருங்குகிறது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுப்பது இருவருக்கும் நன்மை.

சிலருக்கு இது மட்டும் போதாது. 1953-ல் டு விக்னோ என்ற விஞ்ஞானி இந்த ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்தார். குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 யூனிட் ஊசி போடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும்.

களமருதூர் போன்ற சமவெளி ஊர்களில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கல்வராயன் மலைக் கிராமத்துத் தாயோ மலைப்பாதையில் இறங்கி வரவேண்டும். இரத்தப்போக்கு அதுவரை காத்திருக்காது. ஆகவே நாள் நெருங்குமுன்பே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவோம்.