செல்போனில் ஓப்பன் ஆகாத வீட்டு பிளான்... பிரவுசரிலேயே அளந்து பார்ப்பது எப்படி?

வத்திராயிருப்பில் வீடு கட்ட நினைக்கும் ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ இருக்கும் இன்ஜினீயரிடம் பிளான் போடக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். தொட்டால் ஓப்பன் ஆகாது. "ஆட்டோகேட் இருந்தாத்தான் தெரியும், போட்டோவா அனுப்புறேன்" என்பார் இன்ஜினீயர். போட்டோவைப் பார்த்து "சரிங்க சார்" என்று சொல்லி, அஸ்திவாரமும் தோண்டிவிடுவார்கள். அறை சின்னதாகிவிட்டது என்பது சுவர் எழும்பிய பிறகுதான் தெரியும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. அந்த வரைபடத்தை குரோம் போன்ற சாதாரண பிரவுசரிலேயே பார்க்கலாம், அளக்கவும் செய்யலாம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

தமிழ்நாட்டில் சுயசான்று அடிப்படையில் கட்டட அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், அதாவது சுமார் 5¾ சென்டில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இதில் விண்ணப்பிக்கலாம். தரைத்தளமும் முதல் தளமும் வரை இது பொருந்தும். திட்டத்தின் பெயரே சொல்வதுபோல, விவரங்கள் சரி என்று சான்று தருபவர் விண்ணப்பதாரர்தான். அப்படியிருக்க, பிளானைப் பார்க்காமல் ஓகே சொல்வது சரியாகுமா?

ஃபைலுக்குள் இருப்பது என்ன?

கேட் வரைபடம் என்பது போட்டோ போன்ற படம் அல்ல. அது எண்களின் பட்டியல். ஆட்டோகேட் 1982-ல் வெளிவந்தது. அதன் வழக்கமான ஃபைல் வடிவம் டி.டபிள்யூ.ஜி. அதை மற்ற மென்பொருள்கள் நேரடியாகப் படிப்பது கடினம். அதனால் பரிமாற்றத்துக்காக டி.எக்ஸ்.எஃப் என்ற வடிவமும் இருக்கிறது. இன்ஜினீயர் 'சேவ் அஸ்' கொடுத்தாலே அது கிடைத்துவிடும்.

டி.எக்ஸ்.எஃப் ஃபைலை நோட்பேடிலேயே திறக்கலாம். ஒரு கோடு என்றால், 10, 20 என்ற குறியீடுகளுக்குக் கீழே அது தொடங்கும் இடமும், 11, 21 என்ற குறியீடுகளுக்குக் கீழே முடியும் இடமும் இருக்கும். 8 என்ற குறியீடு, அந்தக் கோடு எந்த லேயரைச் சேர்ந்தது என்று சொல்லும். சுவர், கதவு, வயரிங் எல்லாம் தனித்தனி லேயர்.

பிரவுசரில் எப்படி வருகிறது?

பைத்தான் மொழியில் உள்ள 'ஈஸி டிஎக்ஸ்எஃப்' என்ற இலவச நூலகம் இந்த எண்களைப் படித்துக் கொடுக்கும். 'பிளாட்லி' என்ற இன்னொரு இலவச நூலகம் அவற்றை வரையும். தேர்தல் முடிவு, மழை அளவு போன்றவற்றுக்கு கிராஃப் போடுவதற்கான கருவிதான் இது. எண்களைக் கோடாக மாற்றத் தெரிந்த எதற்கும் வீட்டு பிளானும் ஒரு கிராஃப்தான்.

ஒவ்வொரு லேயரையும் தனி வரிசையாகக் கொடுத்தால், ஓரத்தில் உள்ள பெயரைத் தொட்டதும் அந்த லேயர் மறையும். வயரிங்கை மறைத்துவிட்டு சுவரை மட்டும் பார்க்கலாம். பெரிதாக்கலாம், நகர்த்தலாம். இதை ஒரே ஹெச்.டி.எம்.எல் ஃபைலாக சேமித்து அனுப்பினால், இன்டர்நெட் இல்லாமலும் பிரவுசரில் திறக்கும்.

எங்கே சறுக்கும்?

மூன்று இடங்களில் கவனம் தேவை. ஒன்று, கிராஃப் கருவி படத்தை ஸ்கிரீனுக்கு ஏற்ப இழுத்துவிடும். நீளம், அகலம் இரண்டுக்கும் ஒரே அளவுகோல் என்று பூட்டாவிட்டால், நீளமான அறையும் சதுரமாகத் தெரியும். இரண்டு, ஒரு கோடு முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவே வெற்று மதிப்பு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கிச்சன் சுவரிலிருந்து வாசல் வரை இல்லாத கோடு ஓடும். மூன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், பிரவுசரில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும். யூனிகோடில் அடித்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

உண்மையான பயன் எங்கே?

ஆட்டோகேடில் அளவு எழுத்தைக் கையாலும் மாற்ற முடியும். அப்படி மாற்றினால், 12 அடி என்று எழுதியிருக்கும். வரைந்தது 11½ அடியாக இருக்கலாம். போட்டோவிலோ பிரின்ட்டிலோ இதைக் கண்டுபிடிப்பது கடினம். பிரவுசரில் கோட்டின் முனையைத் தொட்டால், ஃபைலில் உள்ள எண்ணே தெரியும்.

வரைபடம் மில்லிமீட்டரில் இருந்தால், 12 அடி என்பது 3,658. எதிரெதிர் சுவர்களின் உள்பக்க எண்களைக் கழித்துப் பாருங்கள். 3,505 என்று வந்தால் அரை அடி குறைகிறது என்று அர்த்தம். கழிப்பதற்கு முன், வரைபடம் மில்லிமீட்டரிலா, மீட்டரிலா, அடியிலா என்று இன்ஜினீயரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

புரோகிராமிங் தெரியாதவர்கள் என்ன செய்வது?

ஆட்டோடெஸ்க் நிறுவனமே இணையத்தில் ஒரு வியூவரை நடத்துகிறது. அதில் ஃபைலை ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் பிளான் அடுத்தவர் சர்வருக்குப் போகும். அதை விரும்பாதவர்கள், டி.எக்ஸ்.எஃப் ஃபைலுடன் பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரை அணுகலாம்.

பிரவுசரில் தெரிவது சரிபார்க்க மட்டுமே. அனுமதி பெற்ற வரைபடம்தான் செல்லும். ஆனால் அனுமதிக்கு அனுப்பும் முன்பே தவறு தெரிந்தால், ஒரு கோட்டைத் திருத்தினால் போதும். சுவர் எழும்பிய பிறகு தெரிந்தால், இடிக்கத்தான் வேண்டும்.